வெண்கலத்தில் எத்தனை பங்கு வெள்ளீயம்?

சேலம் கடைவீதியில் பாத்திரக்கடைக்குப் போய் “வெங்கலப் பானை காட்டுங்க” என்றால் மஞ்சளாக மினுக்கும் நாலைந்து சாமான் முன்னால் வந்து உட்காரும். ஒன்றிரண்டு வெண்கலமாக இருக்கும், மற்றது பித்தளையாக இருக்கலாம். லேத் பட்டறையில் விசைத்தறிக்கோ ஜவ்வரிசி மில்லுக்கோ ‘கன்மெட்டல் புஷ்’ (சுழலும் தண்டைத் தாங்கும் உலோக வளையம்) கடைந்து தரச் சொன்னால் அதுவும் வெண்கலக் குடும்பம்தான். கோயில் மணியும் அதே குடும்பம். ஆனால் மணியைக் கடைசலில் பிடித்தால் உளி முனையில் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். புஷ்ஷைத் தட்டினால் மணி போலக் கணீரென்று ஒலிக்காது. செம்போடு எவ்வளவு வெள்ளீயம் (டின்) சேர்ந்திருக்கிறது என்பதுதான் இந்த வித்தியாசத்துக்கெல்லாம் காரணம். வாங்குகிறவரும் வார்க்கிறவரும் முதலில் அந்த எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பங்கும் பயனும்

செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது வெண்கலம். செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது பித்தளை. கீழே வரும் சதவீதம் எல்லாம் எடைக் கணக்கு.

வெள்ளீயம் 5 முதல் 8 வரை இருந்தால் தகடாக அடிக்கலாம், கம்பியாக இழுக்கலாம், ஸ்பிரிங் செய்யலாம். 10 முதல் 12 வரை புஷ், பல்சக்கரம், வால்வு, சிலை வார்ப்பு. கன்மெட்டல் என்பதன் பழைய கணக்கு 88 பங்கு செம்பு, 10 வெள்ளீயம், 2 துத்தநாகம். 20 முதல் 24 வரை போனால் மணி, தாளம், சேகண்டி. அரிசி உப்புமாவுக்குப் பேர்போன நம் வெண்கலப் பானையும் பெரும்பாலும் இந்தப் பக்கம்தான். 30-ஐத் தாண்டினால் வெள்ளி போல வெளுத்து, தேய்த்தால் முகம் பார்க்கலாம். கேரளத்து ஆறன்முளையில் செய்யும் உலோகக் கண்ணாடி அந்த ரகம். கீழே போட்டால் கண்ணாடி போலவே உடையும்.

பேரை நம்பி ஏமாறக் கூடாத ஒன்றும் உண்டு. ‘அலுமினிய வெண்கலம்’ என்று விற்பதில் வெள்ளீயமே இருக்காது. செம்போடு முக்கியமாகச் சேர்வது அலுமினியம். முன்பு சேர்வராயன் மலையில் வெட்டியெடுத்த பாக்சைட் தாது மேட்டூருக்குப் போய் அலுமினியம் ஆனதே, அந்த உலோகம்தான். அது கெட்டியான நல்ல சரக்கு, ஆனால் இந்தக் குறிப்பில் வரும் கணக்கு எதுவும் அதற்குப் பொருந்தாது.

இது ஏன் கலப்புலோகம்?

செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையில் வேலை பார்க்கிறவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சுத்த வெள்ளிக் கம்பி விரலாலேயே வளையும், கொலுசாகப் போட்டால் நசுங்கிவிடும். கொஞ்சம் செம்பு சேர்த்து உருக்கினால் கெட்டிப்படும். வெண்கலத்திலும் நடப்பது அதுதான், இங்கே கெட்டிப்படுவது செம்பு.

செம்பில் அணுக்கள் அடுக்கி வைத்த தட்டுகள் போல வரிசையாக இருக்கின்றன. சுத்தியால் அடிக்கும்போது ஒரு வரிசை இன்னொன்றின் மேல் வழுக்கி நகர்கிறது, அதனால் செம்பு மிருதுவானது. வெள்ளீய அணு செம்பணுவைவிடப் பருமன். உருகிய நிலையில் இரண்டும் கரைந்து, உறையும்போது வெள்ளீய அணு செம்பின் வரிசைக்குள்ளேயே ஓர் இடம் பிடித்து உட்கார்ந்துகொள்கிறது. பக்கத்து அணுக்கள் நெளிகின்றன, வரிசை வழுக்க முடியாமல் மாட்டிக்கொள்கிறது. 10 சதவீத வெண்கலத்தில் சுமார் 17 செம்பணுவுக்கு ஒரு வெள்ளீய அணுதான் இருக்கிறது. அதற்கே கடினம் வார்ப்புச் செம்பைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிறது. அந்த நெளிவு மின்சாரத்தையும் தடுக்கும்: இதே வெண்கலம் செம்பு கடத்துவதில் ஒன்பதில் ஒரு பங்குதான் கடத்தும். கரன்ட் கம்பிக்கு வெண்கலத்தை யாரும் தேடாத காரணம் இது.

உப்பில் சோடியமும் குளோரினும் எப்போதும் ஒரே விகிதம். வெண்கலத்துக்கு அப்படி நிலையான விகிதம் கிடையாது. 8 சதவீதமும் வெண்கலம், 12 சதவீதமும் வெண்கலம். ஆகவே அதைச் சேர்மம் என்று சொல்வதில்லை. மணலில் கலந்த சர்க்கரை போலச் சும்மா கலந்ததும் இல்லை. சான்று வேண்டுமானால் எடையைப் பாருங்கள். 78 பங்கு செம்பு, 22 பங்கு வெள்ளீயத்தின் கன அளவைத் தனித்தனியே கூட்டினால் அடர்த்தி 8.5 வர வேண்டும். உண்மையான மணி வெண்கலம் 8.6-க்கு மேல் காட்டும். அணுக்கள் நெருங்கி அடைந்துகொள்வதால் மொத்த இடம் குறைகிறது.

செம்பின் வரிசைக்குள் இடம் பிடிக்க வெள்ளீயத்துக்கு ஒரு வரம்பு இருக்கிறது. எவ்வளவு பொறுமையாக ஆற்றினாலும் சுமார் 15 சதவீதத்துக்கு மேல் உள்ளே கொள்ளாது. சாதாரண வார்ப்பில் அதற்கு வெகு முன்பே மீதி ஒதுங்கத் தொடங்கும். ஒதுங்கியது செம்போடு சேர்ந்து நீலச் சாயலுள்ள வெளுப்பாக, கண்ணாடி போல நொறுங்கும் இன்னொரு பொருளாகிறது. புஷ்ஷில் அது கொஞ்சமாகப் புள்ளி புள்ளியாக இருந்தால் நல்லது, தேய்மானத்தைத் தாங்கும். மணியில் அது நிறைய இருப்பதால்தான் ஒலி நீளுகிறது, அதனால்தான் கீழே விழுந்தால் விரிசலும் விடுகிறது.

இரும்பு வேலை தெரிந்தவர்கள் தடுமாறும் இடம் ஒன்று இங்கே உண்டு. எஃகைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் கெட்டிப்பட்டு நொறுங்கும் தன்மை கூடும். 22 சதவீத வெண்கலம் நேர்மாறு. மெதுவாக ஆறினால் நொறுங்கும். மங்கிய சிவப்பில் இருக்கும்போதே தண்ணீரில் தோய்த்தால் அந்த நொறுங்கும் பொருள் உருவாக நேரமில்லாமல் ஓரளவு வளைந்துகொடுக்கும். தட்டி உருவாக்கும் தாளமும் மெல்லிய கிண்ணமும் சூட்டிலேயே அடிக்கப்பட்டு, கடைசியில் தண்ணீரில் தோய்க்கப்படுவது இதற்காகத்தான்.

வாங்குமுன் பார்க்க

தட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம், ஆனால் அதை மட்டும் நம்பினால் போதாது. பானையைத் துணி வளையத்தின் மேல் வைத்து விளிம்பை விரல் கணுவால் தட்டினால் வெண்கலம் நீளமாக ஒலிக்கும், பித்தளை சட்டென்று அடங்கும். மயிரிழை விரிசல் இருந்தால் அசல் வெண்கலமும் ‘டப்’ என்றுதான் சொல்லும். நிறத்துக்கு அடிப்பக்கம் கண்ணில் படாத இடத்தில் அரத்தால் ஒரு இழு இழுத்துப் பாருங்கள். மேல் பூச்சும் பாலீஷும் ஏமாற்றும். செம்பு ரோஜாச் சிவப்பு, பித்தளை எலுமிச்சை மஞ்சள், 10 சதவீத வெண்கலம் பழுப்புப் பொன், மணி வெண்கலம் வெளிறிய பொன். காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு இருக்கிறது, பேச்சே இல்லை.

வீட்டுத் தராசை வைத்தே அடர்த்தி பார்க்கலாம். 1 கிராம் துல்லியமுள்ள மின்னணுத் தராசு, சாமான் முங்கும் அளவுக்கு ஒரு வாளி, நூல். முதலில் சாமானை உலர்வாக எடை போடுங்கள். பிறகு வாளியில் தண்ணீர் ஊற்றித் தராசின் மேல் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். சாமானை நூலில் கட்டி, முழுதும் முங்கும்படி, ஆனால் அடியிலும் பக்கத்திலும் படாதபடி தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டும் கிராம், சாமான் அடைத்துக்கொண்ட தண்ணீரின் எடை. உலர்ந்த எடையை இதால் வகுத்தால் அடர்த்தி.

ஓர் எடுத்துக்காட்டு: உருளி ஒன்று 2,180 கிராம், முங்கும்போது தராசு 250. விடை 8.72. வெண்கலம் என்று எடுத்துக்கொள்ளலாம். அதே எடையில் பித்தளையாக இருந்தால் தராசு 257 வரை காட்டியிருக்கும். சாதாரணப் பித்தளைக்கு 8.4 முதல் 8.5 வரை, வெண்கலத்துக்கு 8.6 முதல் 8.8 வரை, செம்புக்கு 8.96. ஒரு கிராம் பிசகினாலே இரண்டாம் தசமம் ஆடும். ஆகவே 200 கிராம் டம்ளரை வைத்துக்கொண்டு இதைச் செய்தால் பயனில்லை. விளிம்பு மடிப்பில் ஒட்டும் காற்றுக் குமிழி அடர்த்தியைக் குறைத்துக் காட்டும். தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு விட்டால் குமிழி ஒட்டாது. இரும்புக் கைப்பிடி இருந்தால் கணக்கே தப்பு.

இந்தச் சோதனையை ஏமாற்றுவது காரீயம் (லெட்). அதன் அடர்த்தி 11.34. பித்தளையில் கொஞ்சம் காரீயம் சேர்த்தால் அடர்த்தி வெண்கலத்தை நெருங்கிவிடும். சமைக்கும் பாத்திரம் என்றால் விலையைப் பார்க்காமல், நகைக்கு டச் பார்க்கும் எக்ஸ்ரே இயந்திரம் உள்ள இடத்தில் கொடுத்துச் செம்பு, வெள்ளீயம், துத்தநாகம், காரீயம் நான்கும் எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். இயந்திரம் தங்கம் வெள்ளிக்கு மட்டும் சரிசெய்யப்பட்டிருந்தால் எண் தப்பாக வரும் என்பதால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அது மேல்தோலை மட்டுமே பார்க்கும்; அரம் போட்ட இடத்தைக் காட்டுங்கள்.

‘ஈயம்’ என்ற சொல் செய்யும் கேடு

கடையில் ‘ஈயம்’ என்று மொட்டையாகக் கேட்டால் மூன்றில் ஒன்று வரும்: வெள்ளீயம், காரீயம், அல்லது இரண்டும் கலந்த பற்றாசு. ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம். பேட்டரித் தகடு காரீயம், அது நஞ்சு. காரீயம் செம்பில் கரையாது, உறைந்தபின் துளித்துளியாகத் தனியே நிற்கும். கடைசல் வேலைக்கு அது சுகம், புஷ்ஷுக்கு வழவழப்பும் தரும். மணியில் போட்டால் ஒலியைத் தின்றுவிடும், பானையில் போட்டால் உணவில் இறங்கும்.

கட்டியைக் காதருகே வைத்து வளைத்துப் பாருங்கள். வெள்ளீயம் ‘கறக் கறக்’ என்று முனகும், காரீயம் சத்தமில்லாமல் வளையும். வெள்ளைத் தாளில் தேய்த்தால் காரீயம் பென்சில் போலச் சாம்பல் கோடு போடும். கையில் ஏந்தினாலே எடை காட்டிக் கொடுக்கும்: ஒரே அளவுக் கட்டியில் காரீயம் வெள்ளீயத்தைப் போல ஒன்றரை மடங்கு கனம்.

செம்புக்கு நல்ல மூலம் பழைய மின்கம்பி. மேலுறையை உரித்து எடுங்கள். கொளுத்தினால் வரும் புகை நுரையீரலுக்கு ஆகாது. பற்றவைத்த இணைப்புகளை வெட்டிப் போட்டுவிடுங்கள், அதில் காரீயம் இருக்கும். பழைய குழாய், வால்வு, ரேடியேட்டர் எதையும் மணிக்குச் சேர்க்காதீர்கள். சேலம் மண்ணில் கஞ்சமலை இரும்பும் மேக்னசைட்டும் உண்டு. வெண்கலத்துக்கு வேண்டிய இரண்டும் வெளியிலிருந்து வருபவை. அதிலும் வெள்ளீயம் செம்பைவிட விலை கூடியது. கலப்படம் எல்லாம் அந்த விலை வித்தியாசத்தில்தான் பிறக்கிறது.

ஒரு கிலோ மணி: கணக்கும் உருக்கும்

இது உலையும் அனுபவமுள்ள துணையாளும் இருக்கும் பட்டறைக்கு. அடுப்படியில் செய்யும் வேலை இல்லை.

மணி ஒரு கிலோ என்றால் ஊற்றுவாய்க்கும் ரைசருக்கும் (வார்ப்பு சுருங்கும்போது நிரப்ப உருகல் நிற்கும் குழி) சேர்த்து ஒன்றரை கிலோ உருக்க வேண்டும். 20 சதவீதத்துக்குச் செம்பு 1,200 கிராம், வெள்ளீயம் 300. மேலே கசடாகப் போகும் வெள்ளீயத்துக்கு 5 கிராம் கூட வைத்துக்கொள்ளுங்கள். பழைய மணியை உருக்கிப் புஷ் வார்க்க வேண்டுமானால் கணக்கு இப்படி: 22 சதவீத மணி ஒரு கிலோ, அதில் வெள்ளீயம் 220 கிராம். 10 சதவீதம் ஆக மொத்தம் 2,200 கிராம் வேண்டும். ஆக 1,200 கிராம் செம்பு சேர்க்க வேண்டும்.

மூசை (உலோகம் உருக்கும் குடுவை) 3 கிலோ கொள்ளும் களிமண் கிராஃபைட் ரகமாக இருக்கட்டும். புது மூசையை நேரே தீயில் வைத்தால் உள்ளிருக்கும் ஈரம் வெடிப்பு விடும்; மெல்லிய சூட்டில் ஒரு மணி நேரம் காயவைத்துப் பிறகு சிவக்க விடுங்கள். செம்பைத் துண்டு துண்டாகப் போடுங்கள், துண்டுகள் மூசைக்குள் இறுகி நிற்கக் கூடாது. சூட்டில் விரிந்து மூசையைப் பிளக்கும். மேலே உலர்ந்த மரக்கரியை ஒரு விரற்கடை கனத்துக்குப் போர்த்துங்கள். செம்பு 1,085 டிகிரியில் உருகும். 1,150 வரை கொண்டு போங்கள்.

முழுதும் உருகியதும் 15 சதவீத பாஸ்பர் காப்பர் (பாஸ்பரஸ் சேர்த்த செம்பு) 2 கிராம் போட்டுக் கிராஃபைட் கோலால் கிண்டுங்கள். செம்பு குடித்திருக்கும் ஆக்சிஜனைப் பாஸ்பரஸ் எடுத்துக்கொள்ளும். வெள்ளீயம் அதற்குப் பிறகுதான். முன்னால் போட்டால் அந்த ஆக்சிஜன் வெள்ளீயத்தைப் பிடித்துக் கடினமான ஆக்சைடாக மாற்றிவிடும். அது மறுபடி உருகிக் கலக்காது, ஏடு ஏடாக வார்ப்புக்குள் தங்கும். முதலில் 232 டிகிரியில் உருகுவதைப் போட்டு, பிறகு செம்பைப் போடலாமே என்று தோன்றும். செம்பு கரையும்வரை வெள்ளீயம் தீயில் வெறுமனே எரிந்துகொண்டிருக்கும் என்பதால் அது நஷ்டம்.

வெள்ளீயக் கட்டியை உலை விளிம்பில் வைத்து ஈரம் போக்கி, இடுக்கியால் உருகலின் அடிவரை அமுக்கிப் பிடியுங்கள். இரண்டு மூன்று கட்டியாகப் போட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம் கிண்டுங்கள். இரும்புக் கம்பியால் கிண்டினால் இரும்பு கரைந்து, கடைசலில் உளியை மழுக்கும் கடினப் புள்ளிகளாக உட்காரும். 20 சதவீதம் சேர்ந்தபின் உருகல் 900-க்கும் கீழேதான் உறையத் தொடங்கும், ஆகவே 1,050-க்கு இறக்கி ஊற்றலாம். 10 சதவீத வார்ப்புக்கு 1,150 சுற்றி. கசடை ஒதுக்கி, நடுவில் நிறுத்தாமல் ஒரே தாரையாக ஊற்றுங்கள். அச்சு, வேண்டிய அளவைவிட நூற்றுக்கு ஒன்றரை பெரிதாக இருக்க வேண்டும். வெண்கலம் ஆறும்போது அவ்வளவு சுருங்கும்.

மணியை அச்சிலேயே விட்டு ஆறவிடுங்கள். மெதுவாக ஆறிய 20 சதவீத வார்ப்பு சுத்தியால் ஓங்கி அடித்தால் பிஸ்கட் போல உடையும். ஊற்றுவாயை ரம்பத்தால் அறுங்கள், தட்டி ஒடிக்க வேண்டாம்.

எது கெடும், ஏன்

அறுத்த இடத்தில் ஊசித்துளைகள்: ஈரம். ஈரக்கரி, ஈர அச்சு, எண்ணெய்ப் பிசுக்குள்ள கம்பி எதிலிருந்தாவது ஹைட்ரஜன் உருகலில் கரைந்து, உறையும்போது குமிழியாகி மாட்டிக்கொள்கிறது. உருகியதை உலையில் நெடுநேரம் வைத்திருந்தாலும் இதுதான் நடக்கும்.

மேல்பரப்பில் வெள்ளை முத்துகள்: வெண்கலம் ஒரே சூட்டில் உறைவதில்லை. 10 சதவீதம் 1,000 டிகிரியை ஒட்டி உறையத் தொடங்கி 800 சொச்சத்தில்தான் முடியும். நடுவில் களி போன்ற நிலை. அப்போது இன்னும் உறையாத வெள்ளீயம் மிகுந்த திரவத்தை உள்ளிருக்கும் வாயு வெளியே தள்ளுகிறது. வார்ப்புக்கு வியர்த்தது போல இருக்கும். மேலே சுரண்டிவிட்டால் அழகாகத்தான் தெரியும். உள்ளே அந்த அளவுக்கு ஓட்டை இருக்கும். புஷ்ஷுக்கு அதை எடுக்காதீர்கள்.

தடித்த பகுதியில் குழி: அந்த இடம் கடைசியாக உறைந்து, சுருங்கியதை நிரப்ப உருகல் கிடைக்கவில்லை. ரைசர் அந்தத் தடிப்பின் மேலேயே, அதைவிடப் பருமனாக இருக்க வேண்டும்.

வெள்ளைப் புகையும் பஞ்சும்: பித்தளை கலந்துவிட்டது. துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதிக்கும். அந்தப் புகையைச் சுவாசித்தால் சில மணி நேரம் கழித்துக் குளிர்காய்ச்சல் போல நடுக்கும். உலையை அணைத்துவிட்டு வெளியே வாருங்கள். உருகல் மேல் கலையாத ஏடு மினுமினுத்தால் அலுமினியம் விழுந்திருக்கிறது. துளி போதும், கன்மெட்டல் வால்வு தண்ணீர் கசியும். அந்த உருகலை வேறு வேலைக்குத் தள்ளிவையுங்கள்.

ஏற்காட்டில் வேலை என்றால்

சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்று சமவெளியைவிட ஏறத்தாழ 15 சதவீதம் மெலிந்திருக்கும். கீழே பட்டறையில் சரியாக எரிந்த உலை மேலே மஞ்சள் தீயும் புகையுமாக நிற்கும். ப்ளோயரைக் கூட்டுங்கள் அல்லது எரிவாயுவைக் குறையுங்கள். மூடுபனி நாளில் முதல் நாள் காயவைத்த மணல் அச்சு மறுபடி ஈரம் குடித்திருக்கும், ஊற்றுவதற்கு முன் மறுபடி சூடு காட்டாமல் ஊற்றாதீர்கள். ஈர அச்சில் உருகல் பட்டால் தண்ணீர் நொடியில் ஆவியாகி உலோகத்தை முகத்தில் வீசும்.

பாத்திரமும் மணியும் மலையில் சீக்கிரம் கறுக்கும்; அது கேடில்லை. பார்க்க வேண்டியது வெளிர்பச்சைப் பொடி. புளியோடு உப்பும் சேர்த்துத் தேய்க்கும் வழக்கத்தில் பளபளப்பு வரும், ஆனால் எழுத்து வேலைப்பாட்டின் இடுக்கில் தங்கும் உப்பு மலை ஈரத்தோடு சேர்ந்து உலோகத்தை அரித்துக்கொண்டே இருக்கும். துடைத்தால் போகும், பத்து நாளில் அதே இடத்தில் மறுபடி பூக்கும். புளி மட்டும் போட்டுத் தேய்த்து, மூன்று தண்ணீர் அலசி, வெயில் இல்லாவிட்டால் அடுப்புச் சூட்டில் காயவைத்துத் துணியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டினால் ஈரமும் உள்ளேயே இருக்கும். புளிக்குழம்பையோ மோரையோ வெண்கலத்தில் இரவு முழுக்க விட வேண்டாம். வெறும் பானையைக் காஸ் அடுப்பில் காயவிட்டுப் பச்சைத் தண்ணீர் ஊற்றவும் வேண்டாம். 22 சதவீதப் பானை அடியில் மயிரிழை விரிசல் விட்டால் ஒட்டுப் போடுவது பெரும்பாலும் பலிப்பதில்லை, உருக்கி மறுபடி வார்க்கத்தான் ஆகும்.